மென்பொருள் சிந்தசைசரே தொழில் என்று மகன் சொன்னால்

மதிப்பிற்குரிய அம்மா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகன் இரவு வெகுநேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன் அமர்ந்து, மென்பொருள் சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கருவியின் கணினி வடிவத்தில்) இசை அமைக்கிறார் என்றும், சில லட்சம் ரூபாய் கட்டணம் கேட்கும் ஒரு தனியார் இசைத் தயாரிப்புப் படிப்பில் சேர்த்துவிடச் சொல்லி வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இது பிழைப்புக்கு உதவுமா என்று கேட்கிறீர்கள். உதவும், ஆனால் அந்தக் கட்டணத்தை இப்போதே கட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

உங்கள் மகன் வீட்டில் செய்வதும், திரைப்படக் கல்லூரிகள் கற்பிப்பதும் ஒரே வேலை அல்ல. புணே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனத்திலும் உள்ள ஒலிப் படிப்புகள் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிப்பதிவு, சூழல் ஒலி, கலவை ஆகியவற்றை மையமாகக் கொண்டவை; அவற்றில் சேரப் பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். சென்னையிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்ததுமே ஒலிப்பதிவுத் துறையில் இளங்கலை படிக்கலாம். ஆனால் உங்கள் மகன் விரும்புவது, இசையமைப்பாளர் கொடுக்கும் மெட்டுக்குத் தாளக்கட்டும் பின்னணி அடுக்குகளும் புதிய ஒலிகளும் அமைத்துத் தரும் வேலை என்றால், அதை நம் ஸ்டூடியோக்களில் 'புரோகிராமிங்' என்பார்கள். அதற்கான வாசல் பெரும்பாலும் ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர்வதுதான். 1992-இல் திரைக்கு இசையமைப்பாளராக வருவதற்கு முன் ஏ.ஆர்.ரஹ்மானும் பிறருக்குக் கீபோர்டு வாசித்தும், விளம்பரங்களுக்கு ஜிங்கிள் அமைத்தும் வந்தவரே. அவர் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்கள் முறையான இசைப் பயிற்சி தருகின்றன. என்றாலும் புரோகிராமராகச் சேர்த்துக்கொள்பவர் முதலில் கேட்பது சான்றிதழை அல்ல, செய்து முடித்த வேலையை.

மகனிடம் உண்மையான பிடிப்பு இருக்கிறதா, அல்லது வெறும் மோகமா என்று எப்படி அறிவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வீணை பயின்றவர் என்பதால் இந்தச் சோதனையை நீங்களே வைக்கலாம். ஆயத்த ஒலிகள் எதையும் தொடாமல், சிந்தசைசரின் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி, மீட்டிய தந்தியைப் போன்ற ஓர் ஒலியை அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் பெரும்பாலும் எல்லா மேல்சுரங்களும் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் நுண்ணொலிகளும்) அடங்கிய, ரம்பப்பல் வடிவிலான சா-டூத் அலையில் தொடங்கி, ஒலி எழும் நேரத்தை ஏறக்குறைய பூஜ்யமாகவும், தேய்வதை ஓரிரு விநாடிகளாகவும் வைப்பார். அதோடு நின்றுவிட்டால் அது பொம்மை வாத்தியம் போலத்தான் கேட்கும். மீட்டிய தந்தியில் ஒலியின் அளவு குறைவதைவிட வேகமாக அதன் பளபளப்பு மங்குகிறது என்பதைக் கவனித்து, ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டர் அதற்கேற்ப விரைந்து மூடும்படி அவர் அமைக்கிறாரா என்று பாருங்கள். அடுத்து ஒரு கமகம் கேளுங்கள். நீங்கள் வீணைத் தண்டியிலுள்ள ஒரே மெட்டின் மேல் (தந்தியை அழுத்தும் கட்டையின் மேல்) தந்தியை இழுத்துச் சில சுரங்களைக் கடந்துவிடுவீர்கள். பெரும்பாலான சிந்தசைசர்களிலோ சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் வசதி இயல்பாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வரைதான் போகும். அந்த எல்லையை விரித்து, சுருதி ஏறி இறங்கும் வளைவை, சுரங்களை வரிசைப்படுத்தி வைக்கும் சீக்வென்சரில் கையால் வரைந்து, நீங்கள் "இன்னும் சரியில்லை" என்று சொன்னதும் முகம் சுளிக்காமல் திருத்த உட்காருகிறவர் என்றால், அவருக்கு இந்தத் தொழிலுக்கு வேண்டிய காதும் பொறுமையும் இருக்கின்றன.

சீக்வென்சிங்கிலும் இதே கதைதான். இசைக்கருவிகளும் கணினியும் தமக்குள் தகவல் பரிமாற 1983-இல் வந்த மிடி முறையில் பதிவாவது ஒலி அல்ல. எந்தச் சுரம், எப்போது, 127 வரையுள்ள அளவில் எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளை மட்டுமே. எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில், திரையில் தெரியும் காலக் கட்டத்தின் கோட்டிலேயே அடுக்கினால் மிருதங்கம் மிஷின்போல ஒலிக்கும். ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்டசாபு தாளம் ஒன்றைத் தட்டச் சொல்லி, அதையே கணினியில் உயிரோடு கொண்டுவரச் சொல்லுங்கள். தாளம் கையில் இல்லாதவருக்கு மென்பொருள் கைகொடுக்காது.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. 2020-இல் வெளியான வைட்டல் என்ற சிந்தசைசருக்கு இலவசப் பதிப்பு உண்டு, சர்ஜ் எக்ஸ்.டி., 1980-களின் யமஹா டி.எக்ஸ்.7 கருவியைப் போன்ற ஒலிகளைத் தரும் டெக்ஸெட் ஆகிய இரண்டும் முழுக்க இலவசம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தனிநபர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். பதினாறு ஜி.பி. நினைவகமுள்ள ஒரு கணினியும் நல்ல ஹெட்போனும் இப்போதைக்குப் போதும். நண்பர்கள் தரும், உரிமம் இல்லாமல் பூட்டுடைத்த 'கிராக்' மென்பொருள்களை மட்டும் அனுமதிக்காதீர்கள். அவற்றோடு வைரஸும் வரக்கூடும், பின்னாளில் அந்த வேலையைத் தொழில்முறையில் காட்டவும் முடியாது.

வருமானத்தைப் பற்றி மறைக்க விரும்பவில்லை. தொடக்கத்தில் மாதச் சம்பளத்தைவிடப் பாட்டுக்கு இவ்வளவு என்ற பேச்சே அதிகம். பணம் தாமதமாகவும் வரும், பெயர் போடுவார்களா என்பதும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம். பின்னணிக்கு ஏதோ ஓர் இசை போதும் என்ற மலிவான வேலைகளை இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. ஆகவே ஒரு பட்டப்படிப்பு கையில் இருக்கட்டும். கணிதத்தில் விருப்பம் இருந்தால் மின்னணுவியல் அல்லது இயற்பியல் நல்ல தேர்வு: ஃபில்டர், அலைவரிசை, சாம்பிளிங் எல்லாம் அங்கே பாடமாகவே வருகின்றன, பின்னர் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியைக் கற்றால் சிந்தசைசர் மென்பொருளை உருவாக்கும் பக்கமும், கணினி விளையாட்டுகளுக்கான ஒலித் துறையும் திறக்கும்.

பொதுத் தேர்வு முடியும்வரை நாளுக்கு ஒரு மணி நேரம் என்று அவருடன் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் சத்தத்தையும் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், காது போனால் இந்தத் தொழிலே இல்லை. தேர்வு முடிந்த விடுமுறையில் இரண்டு நிமிட அளவில் மூன்று உருப்படிகளை முழுமையாக முடித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவற்றைக் கேட்ட பிறகு அந்தத் தனியார் படிப்பின் பாடத்திட்டத்தை ஒன்றாகப் பார்ப்போம். அதற்குள் பட்டப்படிப்பு விண்ணப்பங்களின் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.