ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எக்ஸ்டென்ஷன் ஒயர் ஓட்டலாமா?

கேள்வி: கூட்ட அறையின் ஃபால்ஸ் சீலிங்கில் புரொஜெக்டர் மாட்டப் போகிறோம். மேலே பிளக் பாயின்ட் இல்லை. நல்ல எக்ஸ்டென்ஷன் ஒயராக வாங்கித் தந்தால் சீலிங்குக்கு மேலேயே ஓட்டிவிடுகிறேன் என்கிறார் மாட்ட வருபவர். புரொஜெக்டர் 300 வாட்தான். எந்த ஒயர் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். எவ்வளவு விலை உயர்ந்த ஒயரானாலும் அது அங்கே போகக் கூடாது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 400.12 ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே தடுக்கிறது (2017 பதிப்புக்கு முன் இதே விதி 400.8 ஆக இருந்தது): வளையும் ஒயரை நிலையான ஒயரிங்குக்குப் பதிலாக வைக்கக் கூடாது, சுவருக்குள் மறைக்கக் கூடாது, தொங்கும் சீலிங்குக்கு மேலே போடக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் கடையில் வாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர் அவற்றில் வராது.

300 வாட்தானே என்று தோன்றும். சிக்கல் வாட்டில் இல்லை. மேலே எலி கடித்தாலும், சீலிங் கம்பியின் கூர்முனை உரசினாலும், பிளக் லூசாகிச் சூடேறினாலும் கீழே இருக்கும் யாருக்கும் தெரியாது, தெரிய வரும்போது புகை வந்திருக்கும். எம்சிபி (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது, ஏனென்றால் அது சுவருக்குள் போகும் தடித்த ஒயருக்காகப் போட்டது. 16 ஆம்பியர் எம்சிபிக்குப் பின்னால் 6 ஆம்பியர் தாங்கும் 0.75 சதுர மி.மீ. ஒயர் இருந்தால், எம்சிபி விழாமலேயே ஒயர் சூடாகிக்கொண்டிருக்கலாம். மிச்ச நீளத்தைச் சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் நிலைமை இன்னும் மோசம். ஏசி காற்று திரும்பிப் போகும் வழியும் அந்த இடமாகவே இருந்தால், ஒயர் எரியும் புகை மற்ற அறைகளுக்கும் போய்விடும். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

சரி, என்ன செய்வது? அந்தப் பணத்தை எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள். அவர் கண்ட்யூட்டில் (ஒயரைப் பாதுகாக்கும் குழாயில்) நிலையான ஒயர் இழுத்து, எர்த்தோடு ஒரு சாக்கெட்டைச் சீலிங்கின் அடிப்பக்கத்தில், கீழிருந்து பார்த்தாலே தெரியும்படி வைக்கட்டும். கண்ட்யூட்டைச் சீலிங் டைல்கள் மேல் கிடத்தாமல் கட்டடத்தின் கூரையில் கிளிப் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். புரொஜெக்டரோடு வந்த ஒயர் சீலிங்குக்குக் கீழேயே நின்று அதில் செருகட்டும்.

அப்புறம், எச்டிஎம்ஐ, நெட்வொர்க் கேபிள்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் மேலே ஏசி காற்று ஓடுகிறது என்றால் பிளீனம் தரக் கேபிள்தானா (காற்று ஓடும் இடத்துக்கென்றே செய்த, தீயும் புகையும் குறைவாகப் பரப்பும் கேபிள்) என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.