முழ நீளப் பெயர், மூன்று மணி நேரச் சிரிப்பு

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 78. கல்லூரி நாட்களில் பார்த்த ஓர் ஆங்கிலப் படத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். "பழைய காலத்து ஏரோப்ளேன் பந்தயம். பேரு ஒரு முழ நீளம் இருக்கும். தியேட்டரே உருண்டு புரண்டு சிரிச்சுது" என்பார். பெயர் மட்டும் நினைவில் இல்லை. இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் பிடிபடாது. ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகளோ, கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போய்விடுவாள். மூவரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி அந்தப் படத்தையும், அதே போல நீளப் பெயர் கொண்ட பழைய சிரிப்புப் படங்களையும் சொல்ல முடியுமா? அந்தக் காலத்தில் ஏன் இப்படியெல்லாம் பெயர் வைத்தார்கள்?
– ஈரோடு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா தேடும் படம் 1965-ல் வந்தது. பெயரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்: 'தோஸ் மேக்னிஃபிசன்ட் மென் இன் தெயர் ஃப்ளையிங் மெஷின்ஸ், ஆர் ஹவ் ஐ ஃப்ளூ ஃப்ரம் லண்டன் டு பாரிஸ் இன் 25 ஹவர்ஸ் 11 மினிட்ஸ்'. இயக்கியவர் கென் அன்னாகின். வண்ணப் படம், அதனால் மகளும் எழுந்து போக மாட்டாள். அப்பாவிடம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். சரியான படம்தானா என்று உடனே தெரிந்துவிடும்.

கதை நடப்பது 1910-ல். விமானம் என்பது மூங்கிலும் துணியும் கம்பியுமாக இருந்த காலம். லண்டனிலிருந்து பாரிஸுக்குப் பறந்து முதலில் போய்ச் சேருபவருக்கு 10,000 பவுண்டு பரிசு என்று ஒரு பத்திரிகை முதலாளி அறிவிக்கிறார். பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் தங்கள் பொறிகளோடு வந்து இறங்குகிறார்கள். இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1909-ல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தபோது 'டெய்லி மெயில்' பத்திரிகை அவருக்கு 1,000 பவுண்டு கொடுத்தது. மறு ஆண்டே, லண்டன்–மான்செஸ்டர் பயணத்துக்கு அதே பத்திரிகை அறிவித்திருந்த 10,000 பவுண்டை லூயி பாலான் வென்றார். அந்தக் காலத்துப் பித்தை அப்படியே எடுத்துக்கொண்டு சிரிக்கவைக்கிறது படம்.

அப்பாவின் காதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்தப் படத்துக்குக் காது அவ்வளவாகத் தேவையில்லை, கண் போதும். விமானங்கள் பலவற்றைப் பழைய வடிவத்திலேயே புதிதாகக் கட்டி, நிஜமாகவே வானில் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். அப்படிக் கட்டிய பாக்ஸ்கைட் ரக விமானம் ஒன்றும், மூன்றடுக்கு இறக்கை கொண்ட ஆவ்ரோ ரக விமானம் ஒன்றும் இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் பழைய விமானச் சேகரிப்பில் இன்னும் இருக்கின்றன. அந்த மூன்றடுக்கு விமானம் தரையை விட்டு எழும்போது திரையில் தெரியும் தடுமாற்றம் உண்மையான தடுமாற்றம். இன்றைக்குக் கணினியில் எதை வேண்டுமானாலும் பறக்கவிடலாம், ஆனால் இந்தப் பதற்றத்தை அதில் கொண்டுவருவது கஷ்டம்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன், மீதியை நீங்களே பாருங்கள். ஜெர்மன் விமானி கடைசி நேரத்தில் படுத்துவிடுகிறார். வயிற்றுக் கோளாறு, அதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்களின் கைவரிசை. ஜெர்மன் கர்னலாக வரும் கெர்ட் ஃப்ரோப, தானே ஓட்டுகிறேன் என்று ஏறி உட்காருகிறார். விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் கையில் வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறதே! புத்தகத்தில் முதல் கட்டளை: உட்காரவும். உட்காருகிறார். அடுத்த கட்டளையைப் படிக்கிறார், அதன்படி செய்கிறார். விமானமும் எழும்பிவிடுகிறது. கால்வாயின் நடுவே, கீழே கடல் மட்டும் தெரியும் இடத்தில், அந்தப் புத்தகம் கைநழுவிப் போகிறது. ஃப்ரோபவின் முகத்தில் அப்போது தெரியும் பாவனையைப் பார்க்க எந்த மொழியும் வேண்டாம். அதே மாதிரி, பந்தயத்தில் தில்லுமுல்லு செய்யும் ஆங்கிலப் பிரபு டெர்ரி தாமஸ். முன்பல் இடுக்கும் மீசையுமாக அவர் திரைக்கு வந்தாலே சிரிப்பு வரும்.

பெயர் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டீர்கள். ஐம்பதுகளில் அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்து, தியேட்டர் கூட்டத்தைக் குறைத்துவிட்டது. வீட்டுப் பெட்டியில் கிடைக்காததைக் காட்டினால்தான் ஜனம் வரும் என்று ஸ்டுடியோக்கள் 70 எம்.எம்., சினிராமா என்று திரையை அகலமாக்கின. இடைவேளை வைத்து மூன்று மணி நேரப் படங்களை எடுத்தன. ஒரே படத்தில் இருபது நட்சத்திரங்களை இறக்கின. எல்லாமே பெரிது என்றான பிறகு பெயர் மட்டும் சின்னதாக இருக்குமா? அதோடு, பழைய நாவல்களின் 'அல்லது' வைத்த தலைப்பு பாணியையும் வேடிக்கைக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாணி நம் அப்பா, தாத்தாக்களுக்குப் புதிதல்ல. பி.ஆர். ராஜம் ஐயர் 1893-ல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதத் தொடங்கிய நாவலின் பெயரே 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'தான். இதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது, என் மனதுக்கு மிகவும் நெருக்கமான படம். 'த ரஷ்யன்ஸ் ஆர் கமிங், த ரஷ்யன்ஸ் ஆர் கமிங்', 1966, இயக்கம் நார்மன் ஜூவிசன். அமெரிக்காவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் கரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட, கப்பல் மணல் திட்டில் சிக்கிக்கொள்கிறது. அதை இழுத்துவிட ஒரு மோட்டார் படகு வேண்டும், அவ்வளவுதான். படகு தேடி ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கி ஒரு சின்னத் தீவுக்குள் இறங்குகிறார் லெஃப்டினன்ட் ரோசனோவ். ரஷ்யப் படையெடுப்பு என்று ஊர் முழுக்க வதந்தி பரவுகிறது. அமெரிக்காவும் சோவியத்தும் அணுப்போரின் விளிம்பு வரை போன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில் ரஷ்யர்களை இப்படி, பயந்துபோன, பசித்த, வீட்டு நினைவு கொண்ட மனிதர்களாகக் காட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதனால்தான் இந்தப் படம் எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

ரோசனோவாக வருபவர் ஆலன் ஆர்க்கின். அவருக்கு இதுதான் முதல் பெரிய வேடம். முதல் பாய்ச்சலிலேயே சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றார். ஊர்க்காரர்களைத் தெருவிலிருந்து விரட்ட வேண்டும், ஆனால் மாலுமிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. ரோசனோவ் ஓர் அரைகுறை வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அதை உருப்போடுகிறார்கள். இதற்கு நடுவே ஊர்க் குடிகாரர் ஒருவர், 1775-ல் பிரிட்டிஷ் படை வருகிறது என்று பால் ரெவியர் குதிரையில் போய் ஊரை எச்சரித்ததைப் போல, தானும் குதிரையேறிப் போய் ரஷ்யர் வருகையை அறிவிக்க வேண்டும் என்று குதிரையைத் துரத்திக்கொண்டே இருக்கிறார். அது பிடி கொடுப்பதாக இல்லை. படம் முழுக்க அங்கங்கே வந்து போகும் இந்த ஒரு வேடிக்கைக்காகவே உங்கள் அப்பா காத்திருந்து சிரிப்பார் பாருங்கள்.

கடைசியில் மாதா கோவில் மணிக்கூண்டில் ஒரு சிறுவன் தொங்குவான். அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லப் போவதில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நெகிழும் இடம் அது. இந்தப் படத்தை அவசரத்தில், வேறு வேலையோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். ரஷ்ய வசனம் புரியவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். ஊர்க்காரர்களுக்கும் புரியாதது நமக்கும் புரியாமல் இருப்பதுதான் அங்கே சுவை.

இந்தப் படத்தின் திரைக்கதை வில்லியம் ரோஸ் எழுதியது. அவரும் அவர் மனைவி டான்யா ரோஸும் சேர்ந்து எழுதிய இன்னொரு படம்தான் 1963-ல் வந்த 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்'. 'மேட்' நான்கு தடவை, ஒன்றும் குறையக் கூடாது. 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்' போன்ற கனமான படங்களை எடுத்த ஸ்டான்லி கிரேமர், திடீரென்று இப்படி ஒரு ரகளைக்குத் துணிந்தார். ஹாலிவுட்டில் சினிராமா டோம் என்ற அரங்கம் திறக்கப்பட்டதே இந்தப் படத்தோடுதான்.

பாலைவனச் சாலையில் ஒரு கார் பள்ளத்தில் பாய்கிறது. பின்னால் வந்த வண்டிகள் நிற்க, சிலர் இறங்கி ஓடுகிறார்கள். காரை ஓட்டி வந்தவன் ஒரு திருடன், சாகும் தறுவாயில் ஒரு ரகசியம் சொல்கிறான்: இன்ன பூங்காவில், ஒரு பெரிய 'டபிள்யூ'வுக்கு அடியில் 3,50,000 டாலர் புதைத்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் மிகவும் ரசிக்கும் காட்சி துரத்தல் அல்ல, அதற்கு முன்னால் சாலையோரத்தில் நடக்கும் பங்கு பேச்சு. வண்டிக்கு ஒரு பங்கா, ஆளுக்கு ஒரு பங்கா, பள்ளத்தில் இறங்கிப் பார்த்தவனுக்குத் தனிப் பங்கா என்று கணக்கு நீண்டுகொண்டே போகிறது. பாகப்பிரிவினைப் பேச்சு நடந்த நம்மூர் வீடுகளில் கேட்ட குரல்கள்தான் அத்தனையும். பணம் இன்னும் கையில் வரவில்லை, அதற்குள் மாமியாரும் மருமகனும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. சரி, யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கே என்று எல்லோரும் வண்டியைக் கிளப்ப, அங்கிருந்து ரகளை ஆரம்பம்.

மகளுக்கு இதில் கட்டாயம் பிடிக்கும் இடம், பெட்ரோல் பங்க். லாரி ஓட்டுநராக வரும் ஜோனதன் விண்டர்ஸை இரண்டு சிப்பந்திகள் கட்டிப்போட, அவர் விடுவித்துக்கொண்டு அந்தப் புத்தம்புது பங்க்கைக் கையாலேயே பெயர்த்துத் தரைமட்டமாக்குவார். சுவர், கூரை, தண்ணீர்த் தொட்டி எதுவும் மிஞ்சாது. அந்தக் கால நகைச்சுவை நடிகர்கள் பலர் இதில் இரண்டொரு வினாடிக்கு முகம் காட்டிவிட்டுப் போவார்கள், பஸ்டர் கீட்டன் உட்பட. அப்பாவுக்கு யார் யாரை அடையாளம் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் படத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியதை, பிறகு வெட்டிச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரமாக்கினார்கள். தொலைந்த பகுதிகளைத் தேடிச் சேர்த்த 197 நிமிடப் பதிப்பு 2014-ல் வந்தது. அதில் சில இடங்களில் படம் கிடைக்காமல் ஒலியும் நிழற்படங்களும் மட்டும் வரும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அது தடங்கல். நீங்கள் சின்னப் பதிப்பையே எடுங்கள். விடுமுறை நாளில் மத்தியானம் ஆரம்பித்து, நடுவில் காபிக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரக் கூச்சலில் சிலருக்குக் களைப்பு வருவதுண்டு, அப்பாவுக்கு அப்படித் தோன்றினால் மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

விமானப் பந்தயம் பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்று கேட்டால், அன்னாகின் 1969-ல் எடுத்த கார் பந்தயப் படம் இருக்கிறது. அமெரிக்காவில் அதற்குப் பெயர் 'தோஸ் டேரிங் யங் மென் இன் தெயர் ஜான்ட்டி ஜலப்பிஸ்'. பிரிட்டனில் 'மான்ட்டி கார்லோ ஆர் பஸ்ட்'. டெர்ரி தாமஸ் இதில் அந்தப் பழைய தில்லுமுல்லுப் பிரபுவின் மகனாக வருகிறார். முதல் படத்தின் துள்ளல் இல்லை, ஆனாலும் பார்க்கலாம். அதே ஆண்டில் வந்த 'இஃப் இட்ஸ் டியூஸ்டே, திஸ் மஸ்ட் பி பெல்ஜியம்', பதினெட்டு நாளில் ஒன்பது நாடு பார்க்கக் கிளம்பிய அமெரிக்கச் சுற்றுலாக் கூட்டத்தின் கதை. காசி, ராமேஸ்வரம் என்று பேருந்து யாத்திரை போய்வந்த யாருக்கும் ஒட்டும்.

நீளப் பெயர் என்று தேடும்போது வுடி ஆலன் 1972-ல் எடுத்த, தலைப்பிலேயே நட்சத்திரக்குறியும் அடைப்புக்குறியும் போட்ட படமும் கண்ணில் படும். அது வயது வந்தவர்களுக்கான விஷயம், மூன்று தலைமுறை சேர்ந்து உட்காரும் நேரத்துக்கு அல்ல.

இனி மகளுக்கு மட்டும் ஒன்று. இது கறுப்பு வெள்ளைதான், ஆனால் தட்டிக்கழிக்கக் கூடாத படம்: 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் ஆர்: ஹவ் ஐ லேர்ன்ட் டு ஸ்டாப் வொரியிங் அண்ட் லவ் த பாம்', 1964, ஸ்டான்லி குப்ரிக். பீட்டர் ஜார்ஜ் எழுதிய அணுப்போர் நாவல் ஒன்று, சிரிப்பு துளியும் இல்லாதது. அதை எடுத்து வேலை செய்யச் செய்ய, இந்த அபத்தத்தைச் சிரிப்பாகத்தான் சொல்ல முடியும் என்று குப்ரிக்குக்குத் தோன்றியது. பீட்டர் செல்லர்ஸுக்கு மூன்று வேடம். அதில் ஒன்று, அணுகுண்டு போடக் கிளம்பிவிட்ட விமானங்களைத் திரும்ப அழைத்து உலகைக் காப்பாற்றும் ரகசியச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்ட பிரிட்டிஷ் அதிகாரி. அதை ஜனாதிபதிக்குச் சொல்லப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினால், போடச் சில்லறை போதவில்லை! பக்கத்தில் நிற்கும் கோக்க-கோலா பெட்டியைச் சுட்டுக் காசு எடுத்துக் கொடு என்கிறார். அது கம்பெனி சொத்து ஆயிற்றே என்று தயங்குகிறார் கூட நிற்கும் கர்னல். உலகம் அழிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

இந்தப் படத்தில் சிரிப்பு முழுக்கப் பேச்சில் இருக்கிறது. அதனால் ஆங்கில சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஏவுகணை நெருக்கடி என்றால் என்ன என்பதை முதலில் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பேப்பரில் படித்தது அவருக்கு நினைவிருக்கும்.