கடைசி வரிசையில் பாட்டி

கேள்வி: அக்கா, இன்னும் மூன்று மாதத்தில் எனக்குத் திருமணம். வரவேற்பு மேடைக்கு மேலே ஜிப்சோபிலா என்ற பொடிப்பொடி வெள்ளைப் பூக்களை மேகம் மாதிரித் தொங்கவிடுவதா, பின்னால் இறகு மாதிரிக் கதிருள்ள பம்பாஸ் புல்லில் வளைவு வைப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. மேசைகளில் உயரமான ஜாடிகளில் லில்லியும் நறுமண மெழுகுவத்திகளும் வைக்க ஆசை. என்னை வளர்த்த பாட்டிக்கு வீசிங் உண்டு, பூ வாசனை ஆகாது. அவரைக் கடைசி வரிசையில் கதவுப் பக்கம் உட்கார வைத்துவிடுவேன், அது ஒன்றும் பிரச்சினை இல்லை. மேகம், வளைவு இரண்டில் எது இப்போது டிரெண்ட்? போட்டோவில் எது எடுப்பாக இருக்கும்? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் மேகமும் வளைவும் ஒரு பக்கத்துக்கு ஓடுகின்றன. பாட்டிக்குக் கிடைத்தது இரண்டு வரி. ‘அது ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்கிறீர்களே, யாருக்குப் பிரச்சினை இல்லை? பாட்டியிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தாலும், “எனக்கென்னம்மா, நான் எங்கேயாவது ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறேன்” என்றுதான் சொல்லியிருப்பார். வளர்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. பூத்தூண்கள் வழியை அடைத்ததால் சக்கர நாற்காலியில் வந்த பெரியப்பா மேடைக்கே வர முடியவில்லை என்று கல்யாணம் முடிந்த பிறகு அழுது எழுதியவர்கள் உண்டு. உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஆசைப்பட்டவற்றைப் பாருங்கள், எல்லாமே பாட்டியின் மூச்சுக்கு எதிராகவே இருக்கின்றன. ஜிப்சோபிலா ஒரு கொத்து என்றால் ஒன்றும் தெரியாது. மேகம் அளவுக்குக் குவித்தால் புளித்த வாடை அடிக்கும். பூ வேலை செய்பவர்களுக்கே அந்தப் பூவால் ஆஸ்துமா வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. பம்பாஸ் புல் காய்ந்தது, பஞ்சுபஞ்சாக உதிரும். உதிராமலிருக்க அதன்மேல் ஹேர் ஸ்பிரே அடிப்பார்கள், அதுவும் காற்றில்தான் கலக்கும். பக்கத்தில் மெழுகுவத்தி எரிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். லில்லியில் ஓரியண்டல் வகையின் வாசனை மூடிய அரங்கையே நிறைத்துவிடும், அதன் மகரந்தம் பட்டால் துணியில் கறை எளிதில் போகாது. கதவுப் பக்கம் உட்கார வைத்தால் இதெல்லாம் பாட்டியைத் தொடாது என்று எந்தக் கணக்கில் நினைத்தீர்கள்?

எனவே மேகமா வளைவா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டும் வேண்டாம். முதலில் பாட்டியின் நாற்காலியை முன்வரிசையில் போடுங்கள். பூக்களை அங்கிருந்து தேர்ந்தெடுங்கள்.

அழகு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆர்க்கிட் பூவில் மகரந்தம் தூளாக இருக்காது, ஒட்டிக்கொண்ட சிறு உருண்டைகளாக இருக்கும், காற்றில் பறக்காது. துலிப் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாசனை மிகக் குறைவு. பூக்கடைகளில் நீளக் காம்புடன் வரும் ரோஜாக்களிலும் பல அப்படித்தான், வாங்கும் முன் முகர்ந்து பாருங்கள். ஹைட்ரேஞ்சாவும் வாசனையில்லாமல் பந்து பந்தாக அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் தலை சாய்த்துவிடும். அதைத் தொங்கவிடாமல் ஜாடியில் மட்டும் வையுங்கள். எதை முடிவு செய்தாலும் பாட்டியின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, டிரெண்ட் வேண்டும் என்றீர்கள். தலைக்கு மேலே தொங்குவதற்குப் பதிலாகத் தரையிலிருந்து செடி முளைத்து வந்த மாதிரி மேடையின் இரு பக்கமும் பூ வைப்பது இப்போது பலரும் விரும்புவது. திருமணச் சடங்குக்கு வைத்த பூவையே வரவேற்புக்கு எடுத்துவந்து வைப்பதும் அப்படித்தான், செலவும் மிச்சமாகும். மேசைக்குப் பெரிய ஜாடி ஒன்றுக்குப் பதிலாக ஒற்றைப் பூ நிற்கும் சின்னச் சின்னக் குப்பிகள் வையுங்கள். முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை உயர்த்துங்கள். விரல்நுனிக்கு மேலே பூ போனால் எதிரில் இருப்பவர் முகம் மறையும். மெழுகுவத்தி வாசனையில்லாததாகவும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் இருக்கட்டும்.

இன்னொன்று. அலங்காரக்காரர் பூக்களைச் செருகும் பச்சை ஸ்பாஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1954 முதல் விற்பனையில் இருக்கும் அந்தச் சரக்கு ஒரு வகை பிளாஸ்டிக். மண்ணில் மக்காது, காய்ந்த தூள் மூச்சில் போகக் கூடாது. பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்தது. கம்பி வலையும், காம்பைக் குத்தி நிறுத்தும் ஊசித்தட்டும் அதே வேலையைச் செய்யும், திரும்பவும் பயன்படும்.

படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும் ஒரு கல்யாணம் உண்டு. 1923-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் எலிசபெத் போவ்ஸ்-லயன் மணப்பெண்ணாக நுழைந்தார், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவியாக அரசியானவர். உள்ளே போகும் வழியில் பெயர் தெரியாத போர்வீரரின் கல்லறைமேல் தன் பூங்கொத்தை வைத்துவிட்டு, வெறுங்கையோடு நடந்து போனார். 1915-இல் போரில் இறந்த அண்ணன் ஃபெர்கஸின் நினைவாக. கல்யாணத்துக்கு வர முடியாமல் போன ஒருவருக்காக அந்தப் பெண் தன் கையிலிருந்த பூ மொத்தத்தையும் கொடுத்தார். உங்கள் பாட்டி உயிரோடு இருக்கிறார், வரப்போகிறார்.

அலங்காரக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், இன்று சாயங்காலமே பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள். கடைசி வரிசை என்று நினைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் போனில் சேர்த்து வைத்திருக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எந்தப் பூ பக்கத்தில் இருந்தால் அவருக்கு இருமல் வராது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.