இளைப்பும் அடக்கி வைக்கும் டி செல்களும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டாக்டர், 2025-இல் நோபல் பரிசு வாங்கிய டி செல் ஆய்வுக்கும் என் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. டி செல்கள் என்பவை எதிர்ப்பு சக்திப் படையைச் சேர்ந்த வெள்ளை அணுக்கள். அந்தப் படைக்குள்ளேயே மற்ற செல்களை அடக்கி வைக்கும் ஒரு பிரிவு இருப்பதை 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். அவைதான் ரெகுலேட்டரி டி செல்கள். அவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001-இல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய், விடாத வயிற்றுப்போக்கு, கரப்பான் எல்லாம் வரும். அடக்க ஆள் இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தாக்கும்.

வீட்டுத் தூசி மூச்சில் போகும்போது, "இது எதிரி இல்லை, விடு" என்று ஐ.எல்-10 போன்ற புரதங்கள் வழியாகச் சொல்வது இந்தச் செல்கள்தான். ஆஸ்துமா உள்ள பலரிடம் அந்தக் குரல் பலவீனமாக இருக்கிறது. அப்போது அலர்ஜியைத் தூண்டும் டி.எச்.2 என்ற டி செல்களின் கை ஓங்கும். அவை விடும் ஐ.எல்-5 புரதம் ஈசினோஃபில் என்ற அலர்ஜி வெள்ளை அணுக்களைக் கூட்டி வரும், ஐ.எல்-13 புரதம் சளியைப் பெருக்கும். மூச்சுக்குழாய் வீங்கி, தசை இறுகி, மூச்சு இளைக்கும்.

கேள்வி: ரத்தத்தில் அந்தச் செல்களை எண்ணினால் நுரையீரலின் நிலை தெரியுமா?

பதில்: தெரியாது. ரத்தத்தில் இருப்பது வேறு, மூச்சுக்குழாயில் நடப்பது வேறு. எண்ணிக்கை இருந்தும் வேலை நடக்காமல் போகலாம். அதற்குச் செலவழிக்காதீர்கள், ஸ்பைரோமெட்ரி செய்யுங்கள். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை ஊதுகிறீர்கள் என்று பார்ப்பார்கள். குழாயை விரிக்கும் மருந்துக்குப் பிறகு அது 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. நன்றாக இருக்கும் நாளில் ரிப்போர்ட் நார்மலாக வரும். அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

கேள்வி: வைட்டமின் டி மாத்திரை இந்தச் செல்களைக் கூட்டுமாமே?

பதில்: ஆய்வுக்கூடத்தில் ஐ.எல்-10 கூடுகிறது, உண்மை. ஆனால் 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைட்டமின் டி குறைவாக இருந்த 408 பெரியவர்களிடம் அது ஆஸ்துமா மோசமாவதைக் குறைக்கவில்லை. குறைபாடு இருந்தால் போடுங்கள், இன்ஹேலருக்கு மாற்றாக அல்ல.

கேள்வி: மேடம், என் 8 வயதுப் பையனுக்குக் கடைசியாக இளைப்பு வந்து 2 மாதம் ஆயிற்று. ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடலாமா? வளர்த்தி குறையும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. நீல இன்ஹேலர் இறுகிய குழாயைத் தற்காலிகமாக விரிக்கிறது, அவ்வளவுதான். வீக்கத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு. அடக்கும் செல்களுக்குக் கைகொடுப்பதும் அதுதான். உயரத்தில் சுமார் 1 செ.மீ. குறையலாம், மறைக்கவில்லை. ஆனால் கட்டுப்படாத இளைப்பு அதைவிட ஆபத்து. குறைந்தது 3 மாதம் சீராக இருந்தால் டாக்டரே அளவைக் குறைப்பார். அதுவரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குடுவை) வைத்துக் கொடுங்கள், முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.