வெட்டா, ட்ரையா? வெயிலூரில் நைட்ரஸ் வாங்கப் போகிறவருக்கு

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி வி-டெக் இருக்கிறது. இஞ்சின் நல்ல கண்டிஷன். இஞ்சின் சக்தியைக் கூட்ட நைட்ரஸ் (நைட்ரஸ் ஆக்சைடு வாயு) போட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பெங்களூரில் ஒருவர் ட்ரை கிட் தருகிறார். "பெட்ரோல் லைனைத் தொடவே வேண்டாம், அரை நாளில் மாட்டிவிடலாம்" என்கிறார். காட்பாடியில் என் மெக்கானிக்கோ "வெட் கிட் என்றால் மாட்டுகிறேன், இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?
— சத்துவாச்சாரி வாசகர்

பதில்: உங்கள் வண்டியைப் பொறுத்தவரை, மெக்கானிக் சொல்வதுதான்.

நைட்ரஸ் எரிபொருள் இல்லை. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம்தான். சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் அது பிரிந்து ஆக்சிஜனை விடுகிறது. அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஈடாகக் கூடுதல் பெட்ரோல் போயாக வேண்டும். அதை யார் ஊற்றுவது என்பதுதான் வெட், ட்ரை தகராறு மொத்தமும். வெட் கிட்டில் நைட்ரஸுக்கு ஒரு சோலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு), பெட்ரோலுக்கு ஒரு சோலினாய்டு. இரண்டும் ஒரே நாசிலில் கலந்து இறங்கும். ட்ரை கிட் கேஸை மட்டும் அடிக்கும். பெட்ரோலை வண்டியின் சொந்த இன்ஜெக்டர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துக்கொள்ளுமா? காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள சில வண்டிகளில், அந்தக் குளிர்ந்த கேஸ் மீட்டரைத் தாண்டிப் போகும்போது இசியு (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஏமாந்து பெட்ரோலைக் கூட்டிவிடும். உங்கள் சிட்டியில் அந்த மீட்டரே கிடையாது. மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை வைத்துத்தான் இசியு கணக்குப் போடுகிறது. கேஸ் வந்தது அதற்குத் தெரியவே தெரியாது. இசியுவை ரீமேப் செய்தோ (அதன் பெட்ரோல் கணக்கை மாற்றி எழுதியோ), ஃப்யூயல் பிரஷரை ஏற்றியோதான் சமாளிக்க வேண்டும். அப்புறம் "அரை நாள் வேலை" எங்கே மிஞ்சியது?

சமாளிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு ஷெட்டில் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, ஓரமெல்லாம் மெழுகு உருகினதுபோல வழிந்து கிடந்தது. அதே சிலிண்டரின் ஸ்பார்க் ப்ளக்கைத் திருப்பிக் காட்டினார்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக அலுமினியம். பெட்ரோல் பற்றாமல் நாக்கிங் ஆகி (கலவை நேரம் தவறித் தானே வெடித்து) உருகின பிஸ்டன் அது.

அதற்காக ட்ரை மட்டம் என்று அர்த்தமில்லை. இன்ஜெக்டரிலும் பம்பிலும் மிச்சத் திராணி இருந்து, இசியுவைத் தெரிந்த கை ட்யூன் செய்தால் அது சுத்தமான வழி. வெட்டுக்கும் ஒரு குறை உண்டு. காற்றுக்காக மட்டும் வடிவமைத்த மேனிஃபோல்டில் பெட்ரோலும் போவதால், குறைந்த ஆர்.பி.எம்மில் அது அங்கேயே தேங்கி, பேக்ஃபயர் அடித்து மேனிஃபோல்டே பிளக்கலாம். ஆகவே ஃபுல் த்ராட்டிலில், 3,000 ஆர்.பி.எம்முக்கு மேல்தான் ஆன் ஆகும்படி ஸ்விட்ச் வைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் பிரஷர் இறங்கினால் கேஸை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்றும் கட்டாயம். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உங்களுடையது 106 குதிரைசக்தி இஞ்சின். 35 குதிரைசக்தி கூட்டும் ஜெட்டில் (கேஸ் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) தொடங்குங்கள், 50-ஐத் தாண்டாதீர்கள். 50 குதிரைக்கு இக்னிஷன் டைமிங்கை (ப்ளக் பொறி விடும் நேரத்தை) 2 டிகிரி பின்னுக்கு இழுப்பது பழைய கைக்கணக்கு.

இனி, இரண்டு பேருமே உங்களிடம் சொல்லாத விஷயம்: நம்ம ஊர் வெயில்.

பாட்டிலுக்குள் நைட்ரஸ் திரவமாக இருக்கிறது. ஜெட் அளவெல்லாம் ஏறத்தாழ 900, 950 பி.எஸ்.ஐ அழுத்தத்தை நம்பிப் போட்ட கணக்கு. கார் டயரில் 32 பி.எஸ்.ஐ என்பதை நினைத்துப் பாருங்கள். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது. அழுத்தமும் 1,050-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் மதியம் நிறுத்திய வண்டியின் டிக்கி என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அழுத்தம் ஏறினால் கேஸ் அதிகம் போகும், பெட்ரோல் அதே அளவுதான். மறுபடியும் அந்த உருகின பிஸ்டன் கதை. வெட் ஆனாலும் ட்ரை ஆனாலும் இதில் தப்ப முடியாது. பிரஷர் கேஜ் வாங்குங்கள். பாட்டிலின் பாதுகாப்புத் தகடு வெடித்தால் கேஸ் வண்டிக்குள் நிரம்பாமல் வெளியே போக ஒரு குழாயும் வேண்டும். ஓட்டாத நாளில் பாட்டிலைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டில் ஓட்டுகிற வண்டியில் இது வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் நமக்குச் சென்னை ரோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். நீங்கள் ஓட்டும் பிரிவில் நைட்ரஸுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிட்டோடு பாட்டில் ஹீட்டர் இலவசமாம். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேலூரில் ஹீட்டர்! குளிர் நாட்டுக்காரர்களுக்காகச் செய்தது அது. 20 டிகிரியில் அழுத்தம் 750-க்கும் கீழே நிற்கும், அதனால் அவர்களுக்குத் தேவை. நமக்கு மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் உதவும். அதற்குப் பதிலாகப் பிரஷர் கேஜைத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் பாட்டில் பாதி விலைக்கு வருகிறது. கேஸை ஆஸ்பத்திரிக்கு சப்ளை செய்கிறவரிடம் நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: இரண்டும் வேண்டாம். அமெரிக்க பாட்டில் என்றால் தோள்பட்டையில் டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரையும், சோதனை செய்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுசோதனை. அதெல்லாம் சரியாக இருந்தாலும், இங்கே பெசோ (வெடிபொருள், கேஸ் சிலிண்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் இல்லாத சிலிண்டரில் கேஸ் நிரப்புவது சட்டவிரோதம். ஒழுங்கான கடைக்காரர் தொடமாட்டார், தொடுகிறவரிடம் நீங்கள் போகக்கூடாது. ஆஸ்பத்திரி கேஸ் மயக்க மருந்துக்கு. அதைப் பின்வாசல் வழியாக வாங்கினால் பில்லும் வராது. விற்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பாட்டில் காலியானால் எங்கே, யார் பில்லோடு நிரப்பித் தருவார்கள்?" பதில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.