கழுத்து டாப்ளர்: சதவீதம் மட்டும் போதாது

கேள்வி: வயது 64. சர்க்கரை உண்டு. கழுத்து டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'இடது ஐசிஏ (மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாய்), சாஃப்ட் பிளேக் (குழாய்ச் சுவரில் மென்மையான படிவு), 50 சதவீதத்துக்குக் கீழ், பிஎஸ்வி 108' என்றிருக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லை. அடைப்பு பாதிகூட இல்லையே, விட்டுவிடலாமா? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆபரேஷன் பேச்சு இப்போது வேண்டாம். மாத்திரை வேண்டும்.

டாப்ளரில் சதவீதத்தை நேராக அளப்பது குறைவு. பெரும்பாலும் ரத்தம் பாயும் வேகத்தை வைத்துக் கணிப்பதுதான். ஹோஸ் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுமே, அதே கதை. அந்த உச்ச வேகம்தான் பிஎஸ்வி. வினாடிக்கு 125 செ.மீ.க்குக் கீழ் என்றால் பாதிக்கும் குறைவான அடைப்பு. 230ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ. 2003-இல் அமெரிக்க வல்லுநர் குழு வகுத்த கணக்கு இது.

உங்கள் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியது 'சாஃப்ட்' என்ற சொல். அதில் உள்ள கொழுப்பும் உள்ளே கசிந்த ரத்தமும் திரையில் கறுப்பாகத் தெரியும். சுண்ணாம்பு படிந்தது பளீரென்று தெரியும், பின்னால் நிழல் விழும். கறுப்புப் படிவுதான் பிய்ந்து மூளைக்குப் போக அதிகம் வாய்ப்புள்ளது. ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும்) மாத்திரை, ரத்த அழுத்தம், புகையிலை மூன்றையும் டாக்டரிடம் பேசுங்கள். இடது கண் திடீரென இருண்டாலோ, வலது கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஆறு மாதம் முன்பு பிஎஸ்வி 200. இப்போது வேறு லேபில் 237, '70 சதவீதத்துக்கு மேல்' என்கிறார்கள். இத்தனை வேகமாக வளருமா? - வாசகி, திருநெல்வேலி

பதில்: வளரலாம். ஆனால் முதலில் கோணத்தைச் சந்தேகப்படுங்கள். மெஷின் அனுப்பும் ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையே உள்ள கோணம் 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உண்மையில் 60 இருக்க, மெஷினில் 65 என்று வைத்தால் 200 அப்படியே 237 ஆகிவிடும்! குழாய் வளைந்திருந்தாலும், எதிர்ப்பக்கக் குழாய் முழுக்க அடைத்திருந்தாலும் வேகம் கூடும். அதனால் ஐசிஏ-வுக்குக் கீழே உள்ள பொதுக் கழுத்துக்குழாயின் (சிசிஏ) வேகத்தோடு ஒப்பிட்ட விகிதத்தைக் கேளுங்கள். 4-க்கு மேல் என்றால் 70 சதவீதம் என்பதற்கு வலு உண்டு. இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது: குழாய் கிட்டத்தட்ட மூடிவிட்டால் வேகம் குறைந்து, லேசான அடைப்பு போல ஏமாற்றும். சந்தேகம் நீடித்தாலோ, சுண்ணாம்பு நிழல் மறைத்தாலோ சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன்) எடுப்பதே சரி. அடுத்த முறையாவது லேபை மாற்றாதீர்கள்.

கேள்வி: முகாமில் எல்லோருக்கும் கழுத்து டாப்ளர் எடுக்கிறார்கள். நானும் எடுக்கட்டுமா? - வாசகர், சேலம்

பதில்: அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுவாக வேண்டாம் என்றே அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2021-இலும் சொன்னது. வெறும் தலைசுற்றலுக்கும் இது பெரும்பாலும் வீண் செலவுதான், முதலில் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.