தரையில் அடங்காத செஸ்னா: சிமுலேட்டர் கேள்வி பதில்

சிமுலேட்டரில், அதாவது கணினியில் விமானம் ஓட்டும் நிரலில், வானத்தில் ஒழுங்காகப் பறக்கும் விமானம் தரைக்கு வந்ததும் படுத்துகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். சிறு விமானங்களின் பராமரிப்புக் கூடத்தில் பதினோரு ஆண்டுகள் சக்கரமும் பிரேக்கும் பார்த்தவன் நான். மாலை நேரங்களில் ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டரில், கூடத்தில் பார்த்த அதே செஸ்னா 172 சிறு விமானத்தை ஓட்டிப் பார்ப்பவன். சக்கரம் தரையைத் தொடும் இடத்தைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். விமானத்தின் எண்கள் உள்ள எந்தக் கோப்பைத் திருத்துவதற்கு முன்பும் நகல் எடுத்து வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள்.

கேள்வி (கோவை): அண்ணா, ஃப்ளைட்கியர் செஸ்னா டாக்ஸிவேயில் (ஓடுதளத்துக்குப் போகும் தரைப்பாதையில்) திரும்பும்போது ஐஸ் மேல் போவதுபோல் வழுக்குகிறது. கோப்பில் உராய்வு எண்ணைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். திரும்பும்போது என்ன வேகத்தில் இருந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். செஸ்னாவின் வேகமானி அவ்வளவு குறைந்த வேகத்தைக் காட்டாது. தரைவேகத்தைத் திரையில் தனியாக வரவழைத்துக்கொள்ளுங்கள். 20 நாட்டுக்கு (மணிக்கு 37 கிலோமீட்டர்) மேல் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

கணக்கைப் பாருங்கள். 172-இல் பெடலை முழுக்க மிதித்தால் மூக்குச் சக்கரம் பக்கத்துக்கு சுமார் 10 டிகிரி திரும்பும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே 1.65 மீட்டர். அப்படியென்றால் வட்டத்தின் ஆரம் சுமார் 9.4 மீட்டர். இந்த வட்டத்தில் 10 நாட்டில் போனால் பக்கவாட்டு விசை 0.29 ஜி, அதாவது விமானத்தின் எடையில் 0.29 பங்கு. 20 நாட்டில் போனால் 1.15 ஜி. வேகம் இரண்டு மடங்கு, விசை நாலு மடங்கு. காய்ந்த தரையில் டயர் தாங்கக்கூடியது 0.8 அளவுதான், கோப்பிலும் அந்த எண்தான் இருக்கும். 1.15 கேட்டால் டயர் வழுக்கத்தான் வேண்டும். நிஜ விமானமாக இருந்தால் வழுக்குவதற்கு முன்பே வெளிப்பக்க இறக்கை தரையை நோக்கி இறங்கியிருக்கும்.

நாம் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறோம்? திரையில் 20 நாட் வேகம் வேகமாகவே தெரியாது. நிஜத்தில் கான்கிரீட் பலகைகளின் இணைப்பு ஒவ்வொன்றும் இருக்கை வழியாக முதுகில் தட்டும், பக்கத்துக் கண்ணாடியில் புல் ஓடும். வீட்டில் இரண்டும் இல்லை. வேகமாக நடக்கும் ஆளின் வேகம் என்பதுதான் சிறு விமானத்துக்குப் பழைய விதி. திருப்பத்தில் அதற்கும் கீழே.

இதைவிடக் குறுகலாகத் திரும்ப வேண்டுமென்றால் உள்பக்கப் பிரேக்கைத் தொடுங்கள். பிரேக் சேர்ந்தால் மூக்குச் சக்கரம் 30 டிகிரி வரை போகும், ஆரம் 2.9 மீட்டருக்கு வரும். அதோடு பாதி இறக்கை நீளம் 5.5 மீட்டரைக் கூட்டினால் 8.4 மீட்டர். விமானத்தின் கையேட்டில் சொல்லப்பட்ட குறைந்தபட்சத் திருப்ப ஆரமும் அதுதான். உங்கள் சிமுலேட்டரில் இந்த 8.4 வருகிறதா என்று அளந்து பாருங்கள். வந்தால் ஸ்டீயரிங் சரி.

கேள்வி (சென்னை): சார், மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் என் 172, 1700 ஆர்பிஎம் கொடுத்தால்தான் நகர்கிறது. டயர் மாடல் மோசமா?

பதில்: டயரை அப்புறம் பார்ப்போம். உங்களிடம் பெடல் இருக்கிறதா? இருந்தால் பிரேக் அச்சு (பெடலின் அசைவைச் சிமுலேட்டர் படிக்கும் அளவு) தலைகீழாகப் பதிவாகியிருக்கும். காலை எடுத்தால் முழுப் பிரேக், மிதித்தால் விடுதலை. அல்லது பெடல் முழுக்க மேலே வராமல் ஐந்து சதவீதம் பிரேக் எப்போதும் பிடித்தபடி இருக்கும். அமைப்புப் பக்கத்தில் அந்த அச்சின் பட்டையைப் பாருங்கள். கால் வைக்காதபோது அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அச்சைத் தலைகீழாக்குங்கள், தொடக்கத்தில் கொஞ்சம் செயலற்ற பகுதி (பெடல் அசைந்தாலும் பிரேக் பிடிக்காத இடம்) கொடுங்கள்.

அதற்குப் பிறகும் நகராவிட்டால்தான் உருளுராய்வு, அதாவது சக்கரம் உருள்வதற்குத் தரை தரும் தடை. 172எஸ் (172-இன் ஒரு வகை) முழு எடையில் 2550 பவுண்டு, 1157 கிலோ. நல்ல கான்கிரீட்டில் உருளுராய்வு 0.02 என்று வைத்தால் 23 கிலோ இழுவிசை போதும். 1000 ஆர்பிஎம் பக்கத்திலேயே வண்டி உருளத் தொடங்க வேண்டும், உருண்ட பிறகு த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். எண்ணை 0.05 ஆக்கினால் 58 கிலோ கேட்கும். இந்த ஒரு எண்ணில்தான் பலருடைய எரிச்சல் இருக்கிறது. கோப்பை நகல் எடுத்த பிறகு மாற்றுங்கள்.

கேள்வி (திருச்சி): எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம்?

பதில்: தரை ஓட்டத்துக்கு ஜாய்ஸ்டிக்கைவிடப் பெடல் முக்கியம். இரண்டு பிரேக்கும் தனித்தனி அச்சாக உள்ள எந்தப் பெடலும் போதும்.

கேள்வி (சிங்கப்பூர்): 737, ஏ320 பயணிகள் ஜெட்களில் டாக்ஸி பண்ணும்போது (தரையில் மெல்ல ஓட்டும்போது) விமானம் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது, அல்லது டேக்-ஆஃப் ஓட்டத்தில் பாம்புபோல் நெளிகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது.

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் ஒரே அச்சில் இரண்டு வேலை வாங்குகிறீர்கள். இந்த விமானங்களில் டாக்ஸிக்கு டில்லர் என்று கையால் திருப்பும் சிறு சக்கரம் தனியாக உண்டு. 737-இல் டில்லர் மூக்குச் சக்கரத்தை 78 டிகிரி வரை திருப்பும், பெடல் 7 டிகிரிதான் திருப்பும். ஏ320-இல் டில்லருக்கு 75, பெடலுக்கு 6. ஏ320-இல் வேகம் கூடக் கூட டில்லரின் அதிகாரத்தைக் கணினி குறைத்துக்கொண்டே வரும். வீட்டில் டில்லர் இல்லாதவர் பெடலுக்கே 75 டிகிரியையும் கொடுத்தால், 100 நாட்டில் கால் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் நெளியும்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரிலும் எக்ஸ்-பிளேனிலும் டில்லருக்குத் தனி அச்சு ஒதுக்கலாம். ஜாய்ஸ்டிக்கின் முறுக்கு அச்சை டில்லருக்குக் கொடுங்கள், ரட்டரை (வாலில் திசை திருப்பும் தகட்டை) பெடலுக்குக் கொடுங்கள். டில்லர் அச்சின் நடுப்பகுதி மந்தமாக வேலை செய்யும்படி அமையுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் உங்கள் இரண்டு குறையும் போய்விடும்.

கோட்டைத் தாண்டுவது வேறு விஷயம், அது வடிவவியல். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் மூக்குச் சக்கரத்துக்கும் முன்னால். பின் சக்கரங்கள் 737-800-இல் மூக்குச் சக்கரத்துக்கு 15.6 மீட்டர் பின்னால். திருப்பத்தில் பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் மஞ்சள் கோடு உங்கள் காலடியைத் தாண்டிப் போகும்வரை பொறுத்து, பிறகு திருப்ப வேண்டும். காரில் பழகிய கை இதற்கு ஒப்புக்கொள்ளாது, பழகத்தான் வேண்டும். 777-300-இல் இந்த நீளம் 31 மீட்டருக்கும் மேல். சக்கரங்களைப் பார்க்கவே அதில் கேமரா வைத்திருக்கிறார்கள்.

வேகம்: நேர்கோட்டில் 20 நாட், கூர்மையான திருப்பத்தில் 10-க்குள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டாதீர்கள். வேகம் ஏறியதும் ஒரே தடவை உறுதியாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை முழுக்க எடுத்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): டேக்-ஆஃப் ஓட்டத்தில் 172 இடது பக்கம் இழுக்கிறது. பிழையா?

பதில்: பிழையில்லை. ப்ரொப்பெல்லர் வீசும் காற்று உடம்பைச் சுற்றிச் சுழன்று வந்து வால் துடுப்பை இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது, எஞ்சினின் முறுக்கு இடது சக்கரத்தை அழுத்துகிறது. வலது பெடல் கொடுங்கள். த்ராட்டிலை மூன்று விநாடி எடுத்துத் தள்ளுங்கள்.

கேள்வி (சேலம்): என் செஸ்னா இடது பக்கமே போகிறது, உதவுங்கள்.

பதில்: மேலே மதுரைக்குச் சொன்னதுதான்.

கேள்வி (பயிற்சி விமானி, பெங்களூர்): சார், நான் நிஜத்திலேயே 172-இல் பயிற்சி எடுக்கிறேன். 12 நாட் குறுக்குக் காற்றில் டாக்ஸி செய்திருக்கிறேன், விமானம் அசையவே இல்லை. சிமுலேட்டரிலோ மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்புகிறது, நிறுத்தி வைத்தால்கூட. இது சுத்தப் பொய்.

கேள்வி (யாழ்ப்பாணம்): மேலே உள்ளவருக்கு: விமானம் காற்றை நோக்கித் திரும்பும் என்று எல்லாப் பாடப் புத்தகங்களும் சொல்கின்றனவே. சிமுலேட்டர் சரியாகத்தானே செய்கிறது?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, வேகம்தான் வேறு. மற்றக் கேள்விகள் கொஞ்சம் பொறுக்கட்டும்.

நின்றுகொண்டிருக்கும் 172-ஐ எடுத்துக்கொள்வோம். 15 நாட் காற்று நேர் பக்கத்திலிருந்து அடிக்கிறது. வால் துடுப்பும் ரட்டரும் சேர்ந்து சுமார் 1.7 சதுர மீட்டர். அதன் மேல் விழும் விசை தோராயமாக 8 கிலோ. அது பின் சக்கரங்களுக்கு நாலரை மீட்டர் பின்னால் இருந்து தள்ளுகிறது என்று வைத்தால், அதை எதிர்த்து நிற்க மூக்குச் சக்கரம் பக்கவாட்டில் சுமார் 22 கிலோ தாங்க வேண்டும். பின் உடம்பின் மேல் விழும் காற்றையும் சேர்த்து இரண்டு மடங்காக்கினாலும் 44. மூக்குச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை 200 கிலோ பக்கம், காய்ந்த தரையில் டயர் 160 கிலோ வரை பிடிக்கும். ஆக அது அசையாது. பயிற்சி விமானி சொல்வது சரி. நிறுத்தி வைத்த விமானம் 15 நாட்டில் திரும்பினால் மாடலில்தான் கோளாறு.

இப்போது அதே காற்றில் 50 நாட் வேகத்தில் ஓடுங்கள். வால் துடுப்பு காற்றைச் சுமார் 17 டிகிரி கோணத்தில் சந்திக்கிறது. இங்கே அது வெறும் பலகை இல்லை, இறக்கையாக வேலை செய்கிறது. விசை 60 கிலோவைத் தாண்டும், நின்றபோது இருந்ததைவிட ஏழெட்டு மடங்கு. அதே நேரத்தில் இறக்கைகள் எடையைத் தூக்கத் தொடங்கியிருக்கும், நீங்களும் கைப்பிடியைப் பின்னால் இழுத்து மூக்குச் சக்கரத்தை லேசாக்கியிருப்பீர்கள். பிடிமானம் குறைகிறது, தள்ளுவது கூடுகிறது. பாடப் புத்தகம் எச்சரிப்பது இந்த நேரத்தைத்தான். யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வதும் சரி.

அப்படியானால் சில சிமுலேட்டர்களில் நின்ற விமானம் ஏன் திரும்புகிறது? டயரின் பக்கவாட்டு விசையைச் சறுக்குக் கோணத்திலிருந்து கணக்கிடுவது வழக்கம். சக்கரம் பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் உள்ள கோணம் அது. ஓடும்போது அருமையாக வேலை செய்யும். வேகம் பூஜ்யமானால் போகும் திசை என்று ஒன்றே கிடையாது. நிரல் ஏதோ ஒரு சமாளிப்பு செய்கிறது, அந்த இடைவெளியில் விமானம் மெல்ல நழுவுகிறது. ஃப்ளைட்கியர் பயன்படுத்தும் ஜேஎஸ்பிசிம் என்ற பறப்புக் கணக்கு நிரல், சக்கரம் தரையில் நகரக்கூடாது என்பதையே நிபந்தனையாக வைத்து அதற்கு வேண்டிய விசையைத் தீர்த்து எடுக்கிறது. அதனால் அங்கே நிறுத்திய விமானம் நின்ற இடத்தில் நிற்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அப்படியானால் உராய்வைக் கூட்டினால் நின்றுவிடுமே?

பதில்: நிற்காது. கணக்கே சரியாக நடக்காத இடத்தில் எண்ணைக் கூட்டி என்ன பயன்? ஓடும்போது டயர் பசைபோல் ஒட்டிக்கொள்ளும், குறுக்குக் காற்றில் இறங்கும்போது விமானம் கவிழும். உராய்வு எண்ணைத் தொடாதீர்கள்.

கேள்வி (பயிற்சி விமானி, பெங்களூர்): ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தரையிறங்கி மூக்குச் சக்கரம் பட்ட நொடியில் சிமுலேட்டர் செஸ்னா வெட்டி இழுக்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை.

பதில்: இதற்கும் காரணம் உண்டு, கையால் தொட்டுப் பார்த்தது. 172-ஐ ஜாக்கில் தூக்கி நிறுத்தினால் மூக்குச் சக்கரத்தின் ஸ்ட்ரட் (அதிர்ச்சி தாங்கும் தண்டு) முழு நீளத்துக்கு இறங்கும், அப்போது சக்கரம் நேராகப் பூட்டிக்கொள்ளும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் திரும்பாது. தரையைத் தொட்டு ஸ்ட்ரட் அமுங்கிய பிறகுதான் ஸ்டீயரிங் சேரும். அதுவும் ஸ்பிரிங் வழியாக, மெதுவாக. விமானம் அசையாமல் நிற்கும்போது பெடலை மிதித்தால் ஸ்பிரிங் அமுங்குவது காலில் தெரியும், சக்கரம் அப்படியே இருக்கும். பல சிமுலேட்டர் மாடல்களில் இந்தப் பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. பெடல் வளைந்திருக்கும் கோணத்திலேயே சக்கரம் தரையில் விழுகிறது, வெட்டுகிறது. பெடலோடு தண்டு நேராக இணைந்த பைப்பர் செரோக்கி வகைகளில் நிஜத்திலேயே அப்படி நடக்கும். ஆகவே செஸ்னாவில் அது குறை, பைப்பரில் அது உண்மை.

கேள்வி (ஈரோடு): கிராஃபிக்ஸ் கார்டு எது நல்லது?

பதில்: என் துறை இல்லை. கணினிக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி (கொழும்பு): மழை ஓடுதளத்தில் பிரேக் பிடிக்கவே இல்லை. எவ்வளவு வழுக்குவது நிஜம்?

பதில்: டயருக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசாவின் பழைய சூத்திரம் இருக்கிறது. பிஎஸ்ஐ அளவில் டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம். 172எஸ் பின் டயர் 42 பிஎஸ்ஐ, ஆக 58 நாட். 200 பிஎஸ்ஐ டயர் உள்ள ஜெட்டுக்கு 127. தேங்கிய தண்ணீரில் அந்த வேகத்துக்கு மேல் பிரேக் பிடிக்காதது நிஜம். அதற்குக் கீழேயும் அப்படியே வழுக்கினால் மாடலைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): சார், விலை குறைந்த ஜாய்ஸ்டிக்...

பதில்: திருச்சிக்கான பதிலைப் படியுங்கள். இந்தக் கேள்வியை இனி எடுக்க மாட்டேன்.

கேள்வி (கோவை): அண்ணா, மன்னிக்கவும், முன்பு கேட்டவன்தான். நீங்கள் சொல்வதற்குள் உராய்வு, ஸ்பிரிங், டேம்பிங் மூன்றையும் மாற்றிவிட்டேன். இப்போது விமானம் நின்ற இடத்திலேயே குதிக்கிறது. நகல் எடுக்கவில்லை.

பதில்: தம்பி, இதற்காகத்தான் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். விமானத்தின் கோப்புகளை அழித்துவிட்டுத் திரும்பத் தரவிறக்குங்கள், பழைய எண்கள் வந்துவிடும். குதிப்பதற்குக் காரணம் ஸ்பிரிங்கைக் கூட்டியதற்கு ஏற்ப டேம்பிங் இல்லாதது. சக்கரம் தரையில் பட்டுத் துள்ளுகிறது, அந்தத் துள்ளலை அடக்க ஆள் இல்லை.

கேள்வி (பயிற்சி விமானி, பெங்களூர்): நீங்கள் சொன்னதைச் சோதிக்க எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, 15 நாட் குறுக்குக் காற்றில் இரண்டு நிமிடம் விட்டுப் பார்த்தேன். ஃப்ளைட்கியரில் திசை மாறவே இல்லை. இன்னொரு சிமுலேட்டரில் 11 டிகிரி திரும்பிவிட்டது.

பதில்: அருமை. அந்த இன்னொன்றில் காற்றை 5 நாட்டுக்குக் குறைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் திரும்பினால் டயரின் நின்ற நிலைக் கணக்குதான் காரணம், உங்கள் பெடலும் அமைப்பும் இல்லை. எத்தனை டிகிரி என்று எழுதுங்கள், நாளை மாலை சேர்ந்து பார்ப்போம்.